தோட்டத்து ஊர்க் கிளினிக்கில் பாலூட்டும் தாய்க்குத் துணை நிற்க: புதிதாக வரும் டாக்டருக்கும் தாதிக்கும்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சிறு கிளினிக்கில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். தலைப்பிரசவம் ஆன ஒரு பெண், நான்கு நாள் குழந்தையோடு வந்தார். “பால் பத்தலைன்னு மாமியார் சொல்றாங்க டாக்டர்” என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “ஊறும்மா, விடாம குடுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மொத்தம் மூன்று நிமிடம். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தபோது 3.1 கிலோவில் பிறந்த பிள்ளை 2.7 கிலோவில் இருந்தது. கண்ணிலிருந்து கால் வரை மஞ்சள், அழவும் தெம்பில்லை. ஈப்போ மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிள்ளை தேறிவிட்டது. ஆனால் அந்தத் தாய் அதன் பிறகு மார்பில் வைத்துப் பால் கொடுக்கவேயில்லை. அது முழுக்க என் தவறு.

அதற்குப் பிறகு தட்டுத் தடுமாறிக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். தாய்ப்பாலின் பெருமையை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள்: ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் திட உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும். அதை அம்மாக்களும் அறிவார்கள். இந்த ஊரில் நான் பார்த்தவரை, பால் கொடுப்பது நின்றுபோவது இரண்டு சமயங்களில்: முதல் வாரத்தில், வேலைக்குத் திரும்பும் வாரத்தில். உங்கள் சந்திப்புத் தேதிகளை அந்த இரண்டுக்கும் முன்னால் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. ஏழாம் மாதத்திலேயே ஐந்து கேள்வி

பிங்க் புத்தகம் (தாயின் கர்ப்பகாலப் பதிவேடு) கையில் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளைக்கு எத்தனை நாள் கொடுத்தார், ஏன் நிறுத்தினார்? மார்பில் எப்போதாவது அறுவை சிகிச்சை உண்டா? இனிப்பு நீர் (நீரிழிவு), தைராய்டு, சினைப்பையில் நீர்க்கட்டி ஏதாவது இருக்கிறதா? பத்தியம் பார்க்க வீட்டில் யார் இருப்பார்? என்ன வேலை, விடுப்பு எந்தத் தேதியில் ஆரம்பம்?

கடைசிக் கேள்வியைச் சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்காதீர்கள். 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையிலும் மகப்பேறு விடுப்பு 98 நாள். பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்னதாகவே அதை எடுக்க ஆரம்பிக்கலாம். நின்றுகொண்டே வேலை பார்க்கும் தொழிற்சாலைப் பெண்கள் பலர் அப்படித்தான் எடுக்கிறார்கள். எடுத்தால், பிள்ளை பிறந்த பிறகு மிஞ்சுவது 68 நாள்தான், பத்து வாரம்கூட இல்லை. எடுக்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கணக்கை மட்டும் காட்டுங்கள், முடிவு அவருடையது.

பிரசவத்துக்கு முந்தைய 60 நாளுக்குள் முதலாளிக்கு அவர் தகவல் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விடுப்புக்கால அலவன்ஸ் தாமதமாகலாம். அந்த அலவன்ஸுக்கு, பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் குறைந்தது 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். கணவருக்கும் ஏழு நாள் விடுப்பு உண்டு. ஒரே முதலாளியிடம் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், பிரசவத் தேதிக்கு 30 நாளுக்கு முன்பே, இல்லாவிட்டால் பிறந்த பிறகு முடிந்தவரை சீக்கிரம், சொல்லியிருக்க வேண்டும். “அப்படி ஒன்னு இருக்கா?” என்று என்னிடம் கேட்ட அப்பாக்கள் ஏராளம். அந்த ஏழு நாளை எப்போது எடுப்பது என்று கேட்டால், வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்து என்று சொல்லுங்கள்.

2. முதல் சந்திப்பு: மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில்

சீம்பால் மாறிப் பால் பெருகுவது, எடை மிகவும் குறைவது, மஞ்சள் ஏறுவது மூன்றும் ஏறக்குறைய இந்த நாட்களில்தான் நடக்கின்றன. “ஒரு மாசத்துல வாங்க” என்று எழுதி அனுப்பினால் ஒரு மாதம் கழித்துப் பால் புட்டியோடுதான் வருவார்கள்.

கொண்டுவரச் சொல்ல வேண்டியவை: குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகம், தாயின் பிங்க் புத்தகம், மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் தாள், தாய் சாப்பிடும் எல்லா மருந்தும். லேகிய போத்தலையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதை மருந்தாகவே நினைக்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் பிறந்த எடை, வீட்டுக்குப் போன அன்றைய எடை, ஜி6பிடி (இரத்த அணுக்களைக் காக்கும் நொதி) முடிவு, இரத்த வகை நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டிருந்தால் அன்றைக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அரசாங்கக் கிளினிக்கின் சமூகத் தாதி உங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போய்ப் பார்த்திருப்பார். அவர் எழுதியதைப் படித்துவிட்டுப் பேசுங்கள். அவர் ஒன்று சொல்ல, நீங்கள் வேறொன்று சொன்னால், வீட்டில் பாட்டி சொல்வதுதான் நடக்கும்.

நேரம்: 40 நிமிடம் ஒதுக்குங்கள். திங்கள் காலையில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்க வரும் கூட்டத்துக்கு நடுவே முடியாது. நான் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய கடைசி இடத்தை இதற்கென்று வைத்துவிட்டேன். இருமல்காரர்களோடு உட்கார வைக்காமல் நேரே உள்ளே அழைத்துவிடுங்கள். அவசரமில்லை என்றால் பாலைக் கிளினிக்கில் வந்தே கொடுக்கும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வயிறு நிறைந்து தூங்கும் பிள்ளையிடம் உங்களுக்குப் பார்க்க எதுவும் இருக்காது.

செலவு: குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). வெளிநாட்டவருக்கு அது பல மடங்கு. தனியார் கிளினிக் என்றால் கட்டணத்தைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு சந்திப்புக்கும் சேர்த்து நான் ஒரே கட்டணம் வாங்குகிறேன். தனித்தனியாக வாங்கிய காலத்தில் இரண்டாவது சந்திப்புக்குப் பாதிப் பேர் வரவில்லை.

3. பேசுவதை நிறுத்திவிட்டு ஒரு முழுப் பாலூட்டலைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கதவைச் சாத்துங்கள். கைப்பிடி உள்ள நாற்காலி, ஒரு தலையணை, காலுக்கு ஒரு முக்காலி போதும். நீங்களும் உட்காருங்கள். தலைக்கு மேல் நின்று பார்த்தால் எந்தத் தாய்க்கும் தோள் இறுகிவிடும்.

குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டி இருக்கிறதா, அல்லது கழுத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்கிறதா? மூக்கு காம்புக்கு நேரே இருக்க வேண்டும். வாய் கொட்டாவி விடுவதுபோல் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோனால் தாயின் முதுகுதான் வளையும். சரியாகப் பிடித்திருந்தால் தாடை மார்பில் பதிந்திருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், காம்பைச் சுற்றிய கருவட்டம் மேல்பக்கம் அதிகமாகத் தெரியும்.

அப்புறம் காதைத் தீட்டுங்கள். முதலில் வேகமாகச் சப்பும். பால் இறங்கியதும் வேகம் குறைந்து தாடை ஆழமாக இறங்கும், ஒரு சின்னத் தடை, “க்” என்று மெல்லிய சத்தம். அதுதான் விழுங்குவது. ‘சப்புகிறது’ என்பதும் ‘குடிக்கிறது’ என்பதும் ஒன்றில்லை. அந்த நான்கு நாள் குழந்தை அரை மணி நேரம் மார்பிலேயே கிடக்கிறது என்று தாய் சொன்னதை வைத்து, குடிக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிள்ளை வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் நல்லது. புதிய லிப்ஸ்டிக் மாதிரி சாய்வாக நசுங்கியிருந்தால் பிடி ஆழமில்லை. முதல் சில நொடி கூசுவது சகஜம். கடைசிவரை வலித்தால் சகஜமில்லை, அதைப் ‘பழகிடும்’ என்று சொல்லாதீர்கள்.

பொறி ஒன்று: குழந்தையின் பின்தலையைப் பிடித்து அழுத்துவது. நாமும் செய்வோம், பாட்டிகளும் செய்வார்கள். பிள்ளை முதுகை வளைத்துக் கத்தும், “பாலை வேணாங்குது” என்று முடிவாகிவிடும். கழுத்தடியிலும் தோளிலும் தாங்கினால் போதும். இன்னொன்று, தாயைக் கேட்காமல் மார்பில் கை வைப்பது. உங்கள் கையால் பிடித்து வைத்தால் கிளினிக்கில் சரியாக இருக்கும், வீட்டில் இருக்காது. ஒரு துணிப் பொம்மையை வைத்துச் செய்து காட்டுங்கள், அவர் கையாலேயே செய்யட்டும். ஆப்பரேஷன் ஆனவர்களுக்குப் பக்கவாட்டில் படுத்துக் கொடுப்பதையும், பிள்ளையை அக்குளுக்குக் கீழ் இடுக்கிக் கொடுப்பதையும் காட்டுங்கள்.

4. நிறுங்கள், எண்ணுங்கள்

10 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். சில நூறு வெள்ளி ஆகும், இந்த வேலைக்கு நீங்கள் செய்ய வேண்டிய ஒரே பெரிய செலவு அதுதான். உடுப்பும் நேப்பியும் இல்லாமல், எப்போதும் அதே தராசில். மருத்துவமனைத் தராசுக்கும் உங்களுடையதற்கும் வித்தியாசம் இருக்கலாம், அதனால் ஒரே ஒரு எடையை வைத்து யாரையும் பயமுறுத்தாதீர்கள்.

முதல் நாட்களில் பிறந்த எடையில் 7 சதவிகிதம் வரை குறையலாம். அதைத் தாண்டினால் பாலூட்டலை நன்றாகக் கவனியுங்கள், 10 சதவிகிதத்தைத் தாண்டினால் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். பிறகு முதல் மூன்று மாதம் நாளைக்கு 20 முதல் 30 கிராம் கூட வேண்டும்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு எளிய கணக்கு: ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு ஈர நேப்பி, கரும்பச்சை மலம் போய் மஞ்சள் மலம், 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால். நேப்பியில் செங்கல் நிறக் கறை முதல் இரண்டு மூன்று நாள் இருக்கலாம், அப்புறமும் இருந்தால் பால் போதவில்லை.

உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவை: பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள், கால்வரை இறங்கிய மஞ்சள், எழுப்பினாலும் குடிக்காத பிள்ளை, 38 டிகிரிக் காய்ச்சல், சுண்ணாம்பு மாதிரி வெளுத்த மலம். 14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால், குழந்தை கொழுகொழுவென்று இருந்தாலும் இரத்தப் பரிசோதனை வேண்டும். காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்பது இங்கே வேரோடிய நம்பிக்கை. வெயில் சிகிச்சையாகாது, தண்ணீரும் குளுக்கோஸும் மஞ்சளைக் குறைக்காது.

5. பால் உண்மையிலேயே போதாதபோது

குழந்தைகளுக்கான பவுடர் பாலை (ஃபார்முலா) விஷம்போல் பேசாதீர்கள். பசித்த பிள்ளைக்கு முதலில் வயிறு நிறைய வேண்டும். வரிசை இதுதான்: மார்பு, பிறகு பிழிந்து எடுத்த தாய்ப்பால், அதுவும் போதாவிட்டால் அளவு சொல்லிப் பவுடர் பால். “தேவைப்பட்டா குடுங்க” என்று சொன்னால் அளவே இருக்காது. எத்தனை மில்லி, எத்தனை தடவை, எந்தத் தேதியில் மறுபடி எடை பார்ப்பது என்று எழுதிக் கொடுங்கள்.

புட்டி வாங்கச் சொல்வதற்கு முன், வீட்டில் சங்கோ பாலாடையோ இருக்கிறதா என்று கேளுங்கள். பாட்டியின் அலமாரியில் பெரும்பாலும் இருக்கும். நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டு, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் புரையேறாது. அதே சமயம் தாய் நாளைக்கு எட்டுத் தடவையாவது பாலைக் கையால் பிழிந்தோ பம்ப் வைத்தோ எடுக்க வேண்டும், இரவில் ஒரு தடவையும் சேர்த்து. மார்பைக் காலியாக்காமல் வெறும் பவுடர் பால் மட்டும் சேர்த்தால் சுரப்பு இறங்கிக்கொண்டேதான் போகும்.

6. பாட்டியை வெளியே உட்கார வைக்காதீர்கள்

நான் அப்படிச் செய்தேன். உள்ளே அழகாக விளக்கினேன், வெளியே போன ஐந்தாவது நிமிடம் எல்லாம் மாறிவிட்டது. இப்போது பாட்டிக்குத்தான் முதல் நாற்காலி. “உங்க பிள்ளைங்களுக்கு எப்படிம்மா குடுத்தீங்க?” என்று ஆரம்பிப்பேன். ஒரு பாட்டி, பால்மரம் (ரப்பர்) வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) பிள்ளையை விட்டுவிட்டு, மதியம் மார்பு கட்டிப்போய்ச் சட்டை நனைய ஓடிவந்ததைச் சொன்னார். அப்படிச் சொன்னவரிடம், பால் கட்டினால் என்ன செய்வது என்று நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

பத்தியத்தில் பெரும்பகுதிக்கு நாம் குறுக்கே நிற்கத் தேவையில்லை. பூண்டு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, சரக்கு அரைத்த குழம்பு எல்லாம் சாப்பிடட்டும். தண்ணீரைக் குறைக்கச் சொல்வதை மட்டும் மாற்றப் பாருங்கள். தாகத்துக்குக் குடிக்கட்டும், வெந்நீராக இருந்தாலும் சரி.

உறுதியாக மறுக்க வேண்டியவை சில உண்டு. பிள்ளை நாக்கில் தேன் வேண்டாம், ஒரு வயது வரை வேண்டாம். வசம்பு உரைத்துக் கொடுக்கக் கூடாது, கையில் காப்பாகக் கட்டுவது வேறு விஷயம். சீனித் தண்ணீர் வேண்டாம். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றக் கூடாது. மார்பில் மல்லிகைப்பூ கட்டுவது பாலை வற்றவைக்கச் செய்வது, அதைத் தெரியாமல் ‘பால் கட்டுக்கு’ என்று கட்டிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளை என்றால் அலமாரியைப் பற்றியும் கேளுங்கள். மூத்த பிள்ளையின் உடுப்பை அந்துருண்டை போட்டு மூட்டை கட்டி வைத்திருப்பார்கள், அதைத்தான் புதுப் பிள்ளைக்கு எடுத்துப் போடுவார்கள். அந்த வாடையே இரத்த அணுக்களை உடைத்து மஞ்சளைக் கூட்டும்.

7. பால் கட்டு, காய்ச்சல், வெடிப்பு

பழைய பாடத்தில் ‘நன்றாகப் பிசைந்து கட்டியைக் கரையுங்கள்’ என்று இருந்தது. இப்போது அப்படிச் சொல்வதில்லை. அழுத்திப் பிசைந்தால் வீக்கம் கூடும். பிள்ளைக்கு வேண்டிய அளவு கொடுப்பது, குளிர் ஒத்தடம், ஐபுப்ரோஃபென் அல்லது பாராசிட்டமோல், ஓய்வு போதும். தேவைக்கு மேல் பம்ப் வைத்துக் காலியாக்கினால் இன்னும் அதிகம் சுரந்து மறுபடி கட்டும். 24 மணி நேரத்தில் குறையாவிட்டால், அல்லது தாய் மிகவும் சோர்ந்திருந்தால், குளோக்சசிலின் மாதிரி ஆன்டிபயாட்டிக். அப்போதும் பால் கொடுக்கலாம். கட்டி குறையாமல் மெத்தென்று ஆனால் ஸ்கேனுக்கு அனுப்புங்கள், சீழ் பிடித்திருக்கலாம்.

வெடிப்புக்குக் களிம்பைவிடப் பிடியைத் திருத்துவதுதான் மருந்து.

8. மருந்துச் சீட்டில் அவசரப்படாதீர்கள்

‘பாலை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுங்கள்’ என்று எழுதுவது நமக்குச் சுலபம். பெரும்பாலான நேரம் தேவையே இல்லாதது. எந்த மருந்தோடு பால் கொடுக்கலாம் என்று சொல்லும் லாக்ட்மெட் என்ற அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் தரவுத்தளம் இலவசம், போனிலேயே பார்க்கலாம். அமோக்சிசிலின், மெட்ஃபார்மின், லெபெட்டலோல் எல்லாவற்றோடும் பால் கொடுக்கலாம். கோடீனும் டிரமடோலும் தவிருங்கள். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின் சுரப்பைக் குறைக்கும், சளி மாத்திரைகளில் ஒளிந்திருக்கும். கர்ப்பத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை ஆரம்ப வாரங்களில் கொடுக்காதீர்கள், புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ளது சரி. எச்.ஐ.வி. உள்ள தாய்க்கு மட்டும் நீங்களாக எதுவும் சொல்லாமல் நிபுணர் போட்ட திட்டப்படி நடங்கள்.

9. இரண்டாவது தேதி: வேலைக்குத் திரும்ப மூன்று வாரம் முன்பு

ஏழாம் மாதத்தில் கேட்டு எழுதிவைத்த விடுப்புத் தேதி இங்கேதான் உதவும். திரும்பும் நாளிலிருந்து மூன்று வாரம் பின்னோக்கி எண்ணி, அன்றைக்கு வரச் சொல்லுங்கள். அப்போதிருந்து காலை முதல் பாலூட்டலுக்குப் பிறகு ஒரு தடவை எடுத்துச் சேர்க்க ஆரம்பிக்கட்டும். முதல் வேலை நாளுக்குத் தேவையானது இருந்தால் போதும், ஃப்ரீசரை நிரப்பத் தேவையில்லை.

தனியார் துறையில், வேலை நேரத்தில் பால் எடுக்க இடைவேளை தர வேண்டும் என்று வேலைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் உங்கள் கடிதம்தான் அவருக்கு ஆயுதம். கிளினிக் தாளில், மலாயில், அரைப் பக்கம்: பிள்ளையின் வயது, எத்தனை மணிக்கு ஒரு தடவை பால் எடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் 20 நிமிடம், கழிப்பறை அல்லாத ஒரு தனியிடம், எடுக்காவிட்டால் மார்பில் வீக்கமும் காய்ச்சலும் வந்து எம்.சி. எடுக்க நேரிடும் என்ற ஒரு வரி. அந்தக் கடைசி வரியைச் சேர்த்த பிறகுதான் என் கடிதங்களுக்குப் பதில் வர ஆரம்பித்தது.

பம்ப் நூறு வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கிறது, ஆயிரத்துக்கு மேலும் இருக்கிறது. கையால் எடுக்கப் பழகியவருக்கு அது இல்லாமலும் முடியும். வருமான வரி கட்டும் தாய் என்றால், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்காக வாங்கிய பாலூட்டும் சாதனங்களுக்கு 1,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை வரிக் கழிவு உண்டு. ரசீதை எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சேமிப்புக்கு: நம் சூட்டில் வெளியே 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம். உருக்கியதை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. பிள்ளை வாய் வைத்து மிஞ்சியது 2 மணி நேரம்தான். இதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் எழுதிக் கொடுங்கள், அவர்தான் புட்டியை மறுபடி சூடு பண்ணுகிறவர்.

வேலைக்குத் திரும்பி ஏழாம் நாள் ஒரு போன் செய்யுங்கள். ‘பால் வருதா’ என்று கேட்காமல், ‘இன்னைக்கு எத்தனை தடவை எடுத்தீங்க’ என்று கேளுங்கள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் அந்த வாரம் ஒரே ஒரு தடவைதான் எடுத்திருந்தார். ஷிஃப்ட் முடிவதற்குள் பையில் இருந்த ஐஸ் பேக் உருகிவிடுகிறது, பால் கெட்டுவிடும் என்ற பயம். இரண்டு மினரல் தண்ணீர் போத்தலை முக்கால் அளவு நிரப்பி ராத்திரியே ஃப்ரீசரில் வைத்து, பால் போத்தலுக்கு இரண்டு பக்கமும் சாத்தி வைக்கச் சொன்னேன். வீடு போய்ச் சேரும்போதும் நடுவில் ஐஸ் இருந்ததாம்.